மேற்கோளும் அதன் இருப்பிடமும்



உன் கடிதம் கிடைத்தது. அதில் உன் கட்டுரையைப் பற்றி எழுதியிருப்பது சொற்பம். அதனைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழின் ஆசிரியர் குழுவைப் பற்றி எழுதியிருப்பது விஸ்தாரம். பொருளில் ஒரு குற்றமும் சொல்லாமல், மேற்கோள் குறிப்புகளும் துணைநூற் பட்டியலும் தங்கள் இதழின் நெறிக்கு இயையவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டித் திருப்பிவிட்டார்கள் என்று வருந்துகின்றாய். "காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் காவல் இருப்பது குமாஸ்தா வேலைதானே, அது எப்படி ஆராய்ச்சியாகும்?" என்று ஒரு கேள்வியும் கேட்டிருக்கின்றாய். வேறு யாரேனும் இப்படிக் கேட்டிருந்தால் பதில் எழுதாமல் இருந்திருப்பேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாத ஏட்டுச் சுவடியை வைத்துக்கொண்டு, ஒரு புள்ளி மாத்திரம் இருந்திருந்தால் இந்தச் சொல் இன்னதென்று நிச்சயமாகியிருக்குமே என்று தவித்த நீ, புள்ளியை அற்பம் என்று எழுதலாமா? அந்த ஒரு வாக்கியந்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுதவைக்கின்றது.

உனக்குச் சார்பாகச் சொல்லத்தக்கதை முதலிலே சொல்லிவிடுகின்றேன். வெளியான ஆண்டை ஆசிரியர் பெயரை அடுத்து வைப்பதா, குறிப்பின் கடைசியில் வைப்பதா, பக்க எண்ணுக்கு முன் 'ப.' என்று எழுதுவதா, முக்காற்புள்ளி மட்டும் இட்டு நிறுத்துவதா என்பனவற்றில் இயற்கை நியதி எதுவும் இல்லை. அவையெல்லாம் சம்பிரதாயம். ஆயினும் ஒரு பட்டியல் முழுவதும் ஒரே சம்பிரதாயம் கைக்கொள்ளப்படுமானால் அதனால் ஒரு பிரயோஜனம் உண்டு: ஆசிரியர், நூல், பதிப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு என்னும் ஒவ்வோர் அங்கமும் எல்லாக் குறிப்புகளிலும் தனக்குரிய ஸ்தானத்திலேயே நிற்பதால், எங்கே ஓர் அங்கம் விடுபட்டிருக்கின்றதோ அங்கே படிப்பவனுடைய கண் தானாகவே தடைப்படும். ஒழுங்கில்லாத பட்டியலில் குறையும் ஒளிந்துகொள்ளும். நீ அனுப்பியிருந்த பட்டியலில் நான்கு நூல்களுக்கு ஆண்டு இல்லை, இரண்டுக்குப் பதிப்பாசிரியர் பெயர் இல்லை; ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததால் அது உன் கண்ணுக்கே படவில்லை. ஆகையால் குமாஸ்தாவைக் குறைவாகப் பேசாதே. அவன் பட்டியலாக இருந்திருந்தால் திரும்பி வந்திராது.

உலகத்து ஆய்விதழ்கள் கைக்கொள்ளும் முறைகள் எண்ணிறந்தவை என்று தோன்றினாலும், உற்று நோக்கினால் அவை மூன்று குலங்களுக்குள் அடங்கிவிடும். பக்கத்தின் அடியிலோ கட்டுரையின் இறுதியிலோ குறிப்பெழுதுவது ஒன்று. 1906-இல் முதற் பதிப்பு வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கைந்நூல் இதற்குப் பேர்பெற்றது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வாக்கியத்தின் நடுவிலேயே வைத்துவிடுவது இரண்டாவது. இதன் தொடக்கத்தைத் தேடிப் போனவர்கள் 1881-இல் போய் நின்றார்கள்; ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆசிரியர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்பவர், ஓடில்லாத நத்தை ஒன்றின் கரு வளர்ச்சியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இம்முறையைக் கையாண்டிருக்கின்றார். அமெரிக்க உளவியல் சங்கத்தார் 1929-இல் ஏழே பக்கத்தில் வகுத்த விதிகள் பிற்காலத்தில் பெரும் புத்தகமாகப் பருத்ததும் இந்தக் குலத்தில்தான். மூன்றாவது எண்முறை. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978-இல் கனடா தேசத்து வான்கூவர் நகரில் கூடி, ஒரே கட்டுரையை ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வொரு விதமாகத் திருத்தி எழுதும் சிரமத்திலிருந்து மருத்துவர்களை விடுவிக்க வேண்டுமென்று ஏற்படுத்திய ஒப்பந்தத்தால் அம்முறைக்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது.

இம்மூன்றும் மூன்று வகை அறிவின் தேவையிலிருந்து பிறந்தவை என்பதைக் கவனி. விஞ்ஞானத்தில் ஒரு செய்தி எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்பது அதன் மதிப்பில் பாதி. ஆகவே ஆண்டு வாக்கியத்துக்குள்ளேயே வந்து நிற்க வேண்டும். மருத்துவத்தில் ஒரு வாக்கியத்துக்குப் பத்து ஆதாரம் காட்ட நேரும். ஆகவே எண் போதும். சரித்திரத்திலும் இலக்கியத்திலும் ஆதாரத்தைச் சொல்வதோடு அதன் தன்மையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்; அதற்கு அடிக்குறிப்பை விட்டால் வேறு இடமில்லை. விஞ்ஞானிகளுக்கு ஏற்ற சட்டையை இலக்கியக் கட்டுரைக்கும் மாட்டிவிடுவதால் விளையும் விபரீதத்துக்கு உன் கட்டுரையே சாக்ஷி. 'இளங்கோவடிகள் (1892)' என்று எழுதியிருக்கின்றாய். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அச்சிட்ட ஆண்டு அது. இதைப் படிக்கும் அயல்நாட்டு மாணவன், விக்டோரியா மகாராணியின் காலத்தில் சேர நாட்டில் ஒரு துறவி இருந்தார் என்று எண்ணிக்கொண்டால் அவன்மேல் குற்றமில்லை. பண்டை நூலை நூற்பெயராலும் அதன் உட்பிரிவாலும், அதாவது காதையும் வரியும் சொல்லிச் சுட்டு. பட்டியலில் அதன் பதிப்பைப் பதிப்பாசிரியர் பெயரின்கீழ் வை. இதழின் விதி இதற்கு இடம் கொடாது என்று தோன்றினால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி எழுதிக் கேள். காரணம் சொல்லிக் கேட்பவனுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

அடிக்குறிப்பின்மேல் எனக்குள்ள பக்ஷபாதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. இளமையில் கிப்பனுடைய ரோம சாம்ராஜ்ய சரித்திரத்தை நான் படித்தது மேலே உள்ள வாசகத்துக்காக என்பதைவிடக் கீழே உள்ள குறிப்புகளுக்காக என்றே சொல்ல வேண்டும். மேலே கம்பீரமாக நடந்துபோகும் அந்த மனிதர் கீழே வந்து நம்மோடு குறும்பாகப் பேசுவார். அந்த நூலின் முதற் பாகம் 1776-இல் வெளிவந்தபோது குறிப்புகளெல்லாம் நூலின் இறுதியில் ஒரு சேர அச்சிடப்பட்டிருந்தன. அந்த ஆண்டிலேயே காலமாகவிருந்த தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூம், நோயாளியாக இருந்த நிலையிலும், ஒவ்வொரு குறிப்புக்கும் புத்தகத்தின் கடைசிக்குப் போய்த் திரும்புவது எவ்வளவு தொல்லை என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகே அவை பக்கத்தின் அடிக்கு வந்து சேர்ந்தன. மரணம் அணுகிய ஒரு ஞானிக்கு அடிக்குறிப்பு எங்கே இருக்க வேண்டும் என்பது பொருட்படுத்தத்தக்க விஷயமாக இருந்தது. உனக்கு அது குமாஸ்தா வேலையாகப் படுகின்றது!

இனி, என் நெஞ்சுக்கு மிக நெருங்கிய விஷயத்துக்கு வருகின்றேன். நம்முடைய உரையாசிரியர்களிலே பரந்த படிப்புடையவர் நச்சினார்க்கினியர். சீவகசிந்தாமணிக்கு அவர் எழுதிய உரையில் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அவற்றுட் பல எந்த நூலைச் சேர்ந்தவை என்பதை அவர் சொல்வதில்லை. பிறரும் இப்படிச் சொன்னார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு மேலே போய்விடுவார். அவர் காலத்து மாணாக்கர்களுக்கு ஓர் அடியைச் சொன்ன மாத்திரத்தில் பாட்டு முழுவதும் நினைவுக்கு வந்திருக்கும். ஆகையால் பெயர் சொல்வது அவமரியாதை என்றுகூட அவர் கருதியிருக்கலாம். சில நூற்றாண்டுகள் கழிந்தன. அந்த நூல்களை ஓதுவார் இல்லை. ஏடுகள் மடங்களிலும் வித்துவான்கள் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. பெயரில்லாத மேற்கோள்கள் மாத்திரம் உரையில் நின்றன.

1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகு சிந்தாமணியைக் கையில் எடுத்த சாமிநாதையர், அந்த மேற்கோள்களைக் கண்டு எப்படித் திகைத்தார் என்பதை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கின்றார். அவர் கற்றிருந்த அந்தாதிகளும் கலம்பகங்களும் தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் கணக்கற்றவை. அவற்றுள் எதிலும் இந்த அடிகள் இல்லை. இவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அவரை ஊர் ஊராக, ஏடு ஏடாக இழுத்துக்கொண்டு போயிற்று. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் சுவடி வடிவில் கைக்கு வந்தபோது, உரையில் அநாதையாக நின்ற அடிகள் பல தமக்குரிய பாட்டுக்களில் வீற்றிருப்பதை அவர் கண்டார். 1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன. பழந்தமிழ் நூல்கள் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்த சரித்திரத்திற் பாதி, விடுபட்டுப்போன அடிக்குறிப்புகளைத் தேடிய சரித்திரமே என்பது என் கொள்கை. சி. வை. தாமோதரம் பிள்ளையின் உழைப்பை இது கணக்கில் கொள்ளவில்லை என்று என் நண்பர்கள் ஆட்சேபிப்பதுண்டு, ஆட்சேபம் நியாயமானதே, அதனால்தான் பாதி என்கின்றேன்.

உடனே நீ கேட்பாய்: பெயர் சொல்லாமையால் நன்மைதானே விளைந்தது, தேடல் பிறந்ததே என்று. இதைக் கேட்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகின்றார்கள். தேடிக் கிடைத்தவற்றின் கதையை நாம் பேசுகின்றோம். தேடியும் கிடைக்காதவற்றுக்குக் கதையே இல்லை. இன்றைக்கும் உரைகளில் எந்த நூலின் அடி என்று யாராலும் சொல்ல முடியாத மேற்கோள்கள் நிற்கின்றன. இதற்கு மறுதலையான உதாரணம் புறத்திரட்டு. பெயர் தெரியாத ஒரு புண்ணியவான், பல நூல்களிலிருந்து செய்யுட்களை எடுத்துப் பொருள் வகையால் அடுக்கியபோது, அச்செய்யுட்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதையும் குறித்து வைத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அதனை 1938-இல் வெளியிட்டது. முத்தொள்ளாயிரம் என்ற நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் பாடல்களென்று நூற்றுக்கு மேற்பட்டவற்றை இன்று நாம் அனுபவிக்கின்றோம் என்றால், அது அந்தத் தொகுப்பாளர் நூலின் பெயரைச் சொன்ன உபகாரம். தகடூர் யாத்திரையின் சிதறிய பாடல்களும் அப்படியே. மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுத முடிந்ததும், எங்கோ ஒருவர் ஒரு நூலின் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டியிருந்ததால்தான். நச்சினார்க்கினியரின் புலமையில் பத்தில் ஒரு பங்குகூட அந்தத் திரட்டைத் தொகுத்தவருக்கு இருந்திராது. ஆனால் பின்னால் வருபவன் வழி தெரியாமல் நிற்கக் கூடாது என்ற கருணை அவருக்கு இருந்தது. மேற்கோள் குறிப்பு எழுதுவதன் தாத்பரியம் இவ்வளவே: நீ எந்தப் பக்கத்தில் நின்று எதைப் பார்த்தாயோ, அதே பக்கத்தில் நின்று உன்னை அறியாத ஒருவன் அதையே பார்க்க முடிய வேண்டும்; பார்த்துவிட்டு, வேண்டுமானால், நீ சொன்னது பிழை என்று சொல்லவும் அவனால் முடிய வேண்டும்.

இதை ஒப்புக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமே பின்தொடரும். இருப்பிடத்தைச் சொல்லும்போது எது நிலையானது, எது மாறக்கூடியது என்று பார். பக்க எண் மறுபதிப்பில் மாறிவிடும். பாட்டு எண் பெரும்பாலும் மாறாது. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுக்கள் கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றின் எண்களை அடுத்த பாட்டுக்களுக்குக் கொடுத்து வரிசையை நிரப்பாமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கின்றார்கள். இதனால் இன்று 'புறம். 269' என்று நீ எழுதினால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவனும் அதே பாட்டுக்குப் போய்ச் சேர்கின்றான். ஆயினும் எல்லா எண்களையும் இப்படி நம்பிவிடாதே. திருக்குறளுக்கு எண் சொன்னால் போதும், பதிப்புச் சொல்ல வேண்டுவதில்லை என்று நீ நினைக்கின்றாய். நாம் வழங்கும் குறள் எண் பரிமேலழகர் கொண்ட முறைவைப்பின்படி அமைந்தது. கிடைக்கும் உரைகளில் பழமையான மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் வரிசை பல இடங்களில் வேறு. மணக்குடவர் உரையை ஆராயும் கட்டுரையில் பரிமேலழகரின் எண்ணைக் கொடுப்பவன், அது யார் முறை என்பதையும் ஒரு குறிப்பில் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இளம்பூரணர் ஒரே சூத்திரமாகக் கொண்டதை வேறோர் உரையாசிரியர் இரண்டாகப் பிரித்திருப்பார். அதன் பிறகு வரும் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். உரையாசிரியர் பெயர் இல்லாத தொல்காப்பியச் சூத்திர எண்ணால் யாருக்கும் பயனில்லை.

ஆண்டு குறிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய அச்சுப் புத்தகங்களின் முகப்பில் சில சமயம் வருஷத்தின் பெயர் மாத்திரம் இருக்கும். சர்வஜித்து என்றிருந்தால் அது 1887 ஏப்ரல் முதல் 1888 ஏப்ரல் வரையிலான காலம். பெயர்கள் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பி வருவதால் 1827-ஆகவோ 1947-ஆகவோ இருக்கவும் கூடும். காகிதத்தையும் அச்சகத்தையும் முன்னுரையையும் பார்த்து நிச்சயித்தபின், முகப்பில் உள்ளதை உள்ளபடி எழுதி, நீ கணித்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் இடு. அந்த அடைப்பு, உள்ளே இருப்பது நூல் சொன்னதன்று, நீ சொல்வது என்று படிப்பவனுக்கு அறிவிக்கும். திருவள்ளுவர் ஆண்டு இட்டிருந்தால் முப்பத்தொன்றைக் கழிக்க வேண்டும். 2010 என்று திருவள்ளுவர் ஆண்டு அச்சிட்ட நூல் 1979-இல் வந்தது. முதற் பதிப்பின் ஆண்டையும் நீ கையில் வைத்திருக்கும் மறுபதிப்பின் ஆண்டையும் குழப்பாதே. இரண்டும் தெரிந்தால் இரண்டையும் எழுது; பக்க எண் எப்பொழுதும் கையில் உள்ள பிரதிக்கு உரியதாகவே இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகின்றது. ஸோட்டெரோ, மெண்டலி முதலான மென்பொருள்கள் பட்டியலைத் தாமே செய்து கொடுத்துவிடும் என்று எழுதியிருக்கின்றாய். செய்யும்; நானும் மறுக்கவில்லை. நூற்றைம்பது குறிப்புகளை ஒரு நிமிஷத்தில் ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றிவிடும் சாமர்த்தியத்தைக் கண்டு வியக்கவும் செய்கின்றேன். ஆனால் அவை மேல்நாட்டாரின் குடும்பப் பெயர் வழக்கத்தை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வது அவற்றின் சுபாவம். ஆகவே உன் ஆங்கிலப் பட்டியலில் வையாபுரிப் பிள்ளை 'பிள்ளை, எஸ். வி.' ஆகிவிட்டார், தாமோதரம் பிள்ளையும் அங்கேயே போய்ச் சேர்ந்தார், சாமிநாதையர் 'ஐயர், யு. வி. எஸ்.' என்று வேறோர் எழுத்தின்கீழ் ஒளிந்துகொண்டார். சாமிநாதையருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் 'உ' உத்தமதானபுரம் என்ற ஊர். 'வே' தந்தையார் வேங்கடசுப்பையரின் பெயர். சொந்தப் பெயர் சாமிநாதன். இதையெல்லாம் இயந்திரம் எப்படி அறியும்? தமிழ்ப் பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' என்றும், ஆங்கிலப் பட்டியலில் வையாபுரி என்பதை முன்னிறுத்திப் பிள்ளை என்பதை அதனோடு பிரியாமல் வைத்தும் எழுது. ஆங்கில எழுத்தில் ஒரே பெயரைப் பலர் பலவாறு எழுதுவதால், உன் கட்டுரை முழுவதுக்கும் ஓர் எழுத்துமுறையைத் தேர்ந்துகொண்டு அதைவிட்டு விலகாதே. பட்டியலை மென்பொருள் அடுக்கட்டும். அதற்குள் இடும் செய்தியை நூலின் முகப்பைப் பார்த்து நீயே இடு. நூலகப் பட்டியலிலிருந்து தானாக வந்து விழும் தகவலில் பிழை இருந்தால், மென்பொருள் அந்தப் பிழையை மிக அழகாக வடிவமைத்துக் கொடுக்கும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான கட்டளை: கண்ணால் காணாததைக் கண்டதாக எழுதாதே. ஒருவர் எடுத்துக்காட்டியதை அவர் வழியாக அறிந்தாயானால், மூல நூலைச் சொல்லி, இன்னார் எடுத்துக்காட்டியது என்பதையும் சொல். இது வெறும் நாணயத்தைப் பற்றிய உபதேசம் என்று எண்ணிவிடாதே. திருடினால் பிடிபடுவாய் என்பதற்கும் பிரமாணம் இருக்கின்றது. ஏடுகளை ஒப்பிடுபவர்களுக்கு ஒரு பழைய உபாயம் தெரியும்: இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை ஒரே தாய்ச் சுவடியிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை என்று நிச்சயிப்போம், சரியான பாடம் எங்கும் ஒன்றாக இருக்கும், பிழைதான் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும். இதே நியாயத்தைச் சிம்கின், ராய்சௌதுரி என்னும் இருவர் 2003-இல் விஞ்ஞானக் கட்டுரைகளின் துணைநூற் பட்டியல்களுக்குப் பிரயோகித்துப் பார்த்தார்கள். பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையின் குறிப்பில் 196 இடங்களில் அச்சுப்பிழை இருந்தது. ஆனால் வேறுவேறான பிழைகள் 45-தான். ஒரே தவறான பக்க எண் 78 முறை வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியே நூலைப் பார்த்து ஒரே விதமாகத் தவறினார்கள் என்று யார் நம்புவார்கள்? மேற்கோள் காட்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்று அவர்கள் கணித்தார்கள். பிழை தன் வம்சாவளியைத் தானே சொல்லிவிட்டது. நம் ஏட்டு வித்தையை அவர்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, எனக்கு அதைப் படித்தபோது உண்டான சந்தோஷம் சிறிதன்று.

பசலைக்கீரை விவகாரம் இதைவிட விசித்திரம். அந்தக் கீரையில் இரும்புச் சத்து மிகுதி என்ற எண்ணம், பழைய கணக்கொன்றில் தசமப்புள்ளி இடம் மாறியதால் பிறந்தது என்று 1981-இல் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார், ஆதாரம் காட்டவில்லை. பிழைகளைக் கவனமாகத் திருத்த வேண்டும் என்பதற்குச் சிறந்த உதாரணமென்று அந்தப் புள்ளிக் கதையைப் பலர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்கள். பிற்காலத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிப் பிழை நிகழ்ந்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை. ரெக்டால் என்பவர் 2014-இல் இதை விரிவாக எழுதியிருக்கின்றார். பரிசோதியாமல் நம்பாதே என்று போதித்தவர்களே பரிசோதியாமல் நம்பினார்கள். மற்றொன்று கேள். எல்செவியர் பதிப்பகத்தார் ஆசிரியர்களுக்காகத் தயாரித்த மாதிரிப் படிவத்தில், குறிப்பு இப்படி அமைய வேண்டும் என்று காட்டுவதற்காகக் கற்பனையாக ஒரு கட்டுரையின் பெயரை எழுதியிருந்தார்கள்; 'விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை' என்பது அதன் பொருள். அப்படி ஒரு கட்டுரை உலகத்தில் இல்லை. படிவத்தை அழிக்காமல் அனுப்பியவர்களாலும், அவர்களைப் பார்த்து எழுதியவர்களாலும் அந்த இல்லாத கட்டுரை கிட்டத்தட்ட 400 முறை மேற்கோளாகிவிட்டதென்று 2017-இல் ஹார்சிங் என்ற பேராசிரியர் எழுதினார். இப்பொழுதோ, கேட்ட மாத்திரத்தில் கட்டுரையும் பட்டியலும் எழுதிக் கொடுக்கும் கணினிகள் வந்துவிட்டன. அவை கொடுக்கும் குறிப்புகள் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் லக்ஷணமாக அமைந்திருந்தும் நூலே இல்லாதவையாக இருப்பதுண்டு. 2023-இல் நியூயார்க்கில் இத்தகைய இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். வடிவம் சரியாக இருப்பது பொருள் உண்டென்பதற்கு அத்தாட்சி ஆகாது. இதை உன் குமாஸ்தாக் கேள்விக்குப் பாதி விடையாக வைத்துக்கொள்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கின்றேன். இதழின் ஆசிரியர்களுக்கான விதியை முதலில் படி. விதி தெளிவாக இல்லாத இடத்தில் அவ்விதழின் சமீபத்திய மலர் ஒன்றை எடுத்து, அச்சானது எப்படி இருக்கின்றது என்று பார். நூலைப் படிக்கும்போதே, அதை நூலகத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு முன், முகப்பையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்துக் குறிப்பை முழுமையாக எழுதிவிடு; மேற்கோளைப் பெயர்த்து எழுதும் வரியிலேயே பக்க எண்ணையும் எழுது. இதழ்க் கட்டுரைக்குத் தொகுதியும் இதழ் எண்ணும் முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் வேண்டும். பழைய இதழ்கள் சிலவற்றில் ஒரு தொகுதி முழுவதும் பக்க எண் தொடர்ந்து ஓடும், சிலவற்றில் ஒவ்வோர் இதழிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே இதழ் எண்ணை விடாதே. மின்னிதழ்க் கட்டுரைகளுக்கு 2000-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும், பத்து என்னும் எண்ணில் தொடங்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருந்தால் அதையே கொடு. இணைய முகவரி இன்று இருக்கும், நாளை இராது. மாறக்கூடிய இணையப் பக்கமானால் பார்த்த தேதியையும் சேர். 'மேலது' என்ற சொல்லை எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் பயன்படுத்தாதே. நடுவில் ஒரு குறிப்பைச் செருகினால் மேலே இருப்பது வேறொரு நூலாகிவிடும். கட்டுரை முடிந்த பிறகு, இதழ் அதை விரும்பினால், அப்பொழுது போட்டுக்கொள். கடைசியாக, கட்டுரையில் வரும் ஒவ்வொரு குறிப்பும் பட்டியலில் இருக்கின்றதா, பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலும் கட்டுரையில் வருகின்றதா என்று இரண்டு திசையிலும் சரிபார். கட்டுரையில் வராத நூல்களைப் படித்தவன் என்று காட்டிக்கொள்வதற்காகப் பட்டியலில் நிறுத்திவைப்பது வீண் ஆடம்பரம். நீ நிறுத்தி வைத்திருக்கும் ஒன்பது நூல்களையும் எடுத்துவிடு.

ஆசிரியர் குழுவினர்மேல் நீ கொண்ட கோபத்தையும் விட்டுவிடு. குறிப்புகளைப் பார்த்தே திருப்பினார்கள் என்றால், அவற்றை யாரோ ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கின்றார் என்று அர்த்தம். அப்படிப் படிப்பவர்கள் இக்காலத்தில் அதிகம் பேர் இல்லை. பட்டியலைத் திருத்தி, அவர்களுக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அதில் எனக்குத் தோன்றியபடி ஐந்து குறிப்புகளைத் தேர்ந்துகொண்டு நூலகத்துக்குப் போவேன். நீ சொன்ன பதிப்பில், நீ சொன்ன பக்கத்தில், நீ சொன்ன வாசகம் ஐந்திலும் இருந்தால், கட்டுரையின் முடிவுகளைப் பற்றி நாம் சண்டையிடத் தொடங்கலாம். அவற்றில் எனக்கு ஆட்சேபங்கள் பல உண்டு.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை விரும்பும் ஆசிரியன்.